ஆமை முட்டை பிஸ்கட்

அந்த பிஸ்கட்டைக் கடித்தபோது அது முறியவில்லை. பல்லில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. மேலே பொன்னிறம், ஓரத்தில் லேசான கருகல், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே சளி. வேறு எப்படிச் சொல்ல? சர்க்கரையோடும் வனஸ்பதியோடும் மீன் எண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாடை வேறு. தொண்டை வரை வந்ததை டீயால் உள்ளே தள்ளினேன். இப்போது சென்னையில் என் மருமகள் வாராவாரம் பிஸ்கட் சுடுகிறாள். "முட்டை கூடிப்போச்சு மாமா, கேக் மாதிரி ஆயிடுச்சு" என்று ஒரு வாரம், "குறைஞ்சு போச்சு, உதிருது" என்று மறு வாரம் தட்டை நீட்டுகிறாள். சர்க்கரை வியாதி என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஷாதிபூர் பகுதியில் ஒரு மரவீட்டில் நானும் எங்கள் ஸ்டோர்கீப்பர் அண்ணனும் சேர்ந்து குடியிருந்தோம். அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், வாயில் பொய் வராது. ஒரு ஜனவரியில் கப்பல் பழுதாகி ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. வெங்காயம் இல்லை, கடிதம் இல்லை, கோழி முட்டை கண்ணில் படவே இல்லை. அடுத்த கப்பலில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு பெர்த் என்றார்கள். அதை இரண்டு பேர் கேட்டிருந்தோம். அண்ணனுக்கு, அப்பா கவலைக்கிடம் என்று தந்தி வந்திருந்தது. எனக்குத் திருநெல்வேலியில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். யார் பெயரை எழுதுவது என்பது எங்கள் சூப்பரின்டென்டென்ட் கையில். அவர் கை அவர் மனைவி கையில்.

அந்த அம்மாளுக்கு பிஸ்கட் பைத்தியம். மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் வைக்கும் தகர ஓவன் ஒன்றை மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அலுவலக ஆட்களைக் கூப்பிட்டு டீ கொடுப்பார். பிஸ்கட்டோடு பாடமும் நடக்கும். மஞ்சள் கரு சேர்ந்தால் மிருது, வெள்ளைக் கரு சேர்ந்தால் மொறுமொறுப்பு, முட்டையே இல்லாவிட்டால் மாவு ஒன்றோடொன்று பிடிக்காது. சொன்னதெல்லாம் சரிதான். கேட்டு நாங்கள் தலையாட்டிய ஆட்டத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது.

கப்பல் வராத அந்த நாட்களில் அவருக்கு முட்டை வேண்டுமாம். அண்ணன் லாரி பிடித்து சௌல்தாரி கிராமத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய், மணலைத் தோண்டி ஆமை முட்டை கொண்டுவந்தார். அன்றைக்கு அதைத் தின்பது அங்கே சாதாரணம். உருண்டையாக, தோல்போல வளையும் ஓடு. உடையாது, கிழிக்க வேண்டும். கொடுக்கும்போதே அண்ணன் சொன்னார்: "அம்மா, இத எவ்வளவு நேரம் அவிச்சாலும் வெள்ளக் கரு இறுகாது. பிஸ்கட்டுக்கு ஆகாதும்மா. மொளகு போட்டு வறுத்துச் சாப்பிடுங்க."

"அரே, முட்டைன்னா முட்டைதான். பேக்கிங் எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மாள். அருகிலேயே நின்றிருந்தேன். வழக்கம்போலத் தலையாட்டினேன்.

ஞாயிறு மாலை தட்டு வந்தது. சூப்பரின்டென்டென்ட் ஒன்றை எடுத்து, கடிக்காமலே சாஸரில் வைத்துக்கொண்டார். கட்டிய கணவருக்கு அந்த உரிமை உண்டு. அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கைசா ஹை? எப்படி இருக்கு?"

அண்ணன் கைக்குட்டையை வாயில் வைத்து, வாயிலிருந்ததை அதில் துப்பி மடித்துக்கொண்டார். "சொன்னேன்லம்மா, இறுகல. உள்ள பச்சையா கெடக்கு, வீச்சம் அடிக்குது. நீங்க சாப்பிடாதீங்க, வயித்துக்கு ஆகாது." நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

"பிரமாதம் மேடம். இவ்வளவு சாஃப்டா வந்ததே இல்ல" என்றேன் நான். சொன்னதோடு நிற்கவில்லை, சீ, கேட்டு வாங்கி இன்னும் இரண்டு தின்றேன். மூன்றாவதை விழுங்கும்போது கண்ணில் நீர் வந்தது. காரணம் என்னவென்று அண்ணனுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஓடையோரம் குனிந்து எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன். அண்ணன் என் முதுகைத் தடவிவிட்டார். "ஏன் தம்பி இப்படித் தின்ன?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. விட்டுக்கொடுத்திருக்கலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு நாள் அந்த வரியை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கப்பலேறினேன். துறைமுகத்துக்கு வந்த அண்ணன், அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு ஜெபமாலையைக் கையில் வைத்தார். "ஊருக்குப் போற வழிதான. அடுத்த கப்பல்ல நான் வாரேன்னு சொல்லு."

தூத்துக்குடியில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பெரியவர் கட்டிலில் கிடந்தார், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தமானிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதும் கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். ஜெபமாலையை வாங்கிக்கொண்ட அண்ணனின் அம்மா என் கையை விடாமல் கேட்டார்: "நீங்க வந்துட்டீகளே ராசா, எம்புள்ள ஏன் வரல?"

"கப்பல்ல இடம் இல்லம்மா" என்றேன்.