கரும்புக்குள் ஒளித்த மருமகள்

மாதம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரேஷன் கடைக்காரர் முதல் பஞ்சாயத்து கிளார்க் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் மாரண்டஹள்ளிப் பக்கத்திலேயே கிடையாது. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எதிரே, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த எழிலரசி டீச்சர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"வூட்ல எத்தன பேருங்கம்மா?"

"நாலு பேருங்க. நானு, எங்க வூட்டுக்காரரு, ரெண்டு பசங்க."

ஐந்தாவது ஆளைக் காலையிலேயே கரும்புத் தோட்டத்துக்குள் அனுப்பியாகிவிட்டது. பெரியவன் அருண்குமாரின் மனைவி ஐஸ்வர்யா, வயது பதினாறு. நர்ஸ் வந்தாலும் சரி, வேறு எந்த அரசாங்க ஆள் வந்தாலும் சரி, வயசு வராத மருமகளைத் தோட்டத்துக்குள் ஒளித்துவிடுவது அந்த ஊரில் எழுதாத சட்டம். விஷயம் வெளியே போனால் மகன் ஜெயிலுக்குப் போவான். போதாக்குறைக்கு இந்த டீச்சர்தான் போன வருஷம்வரை ஐஸ்வர்யாவுக்கு வகுப்பெடுத்தவர். கண்ணில் பட்டால் விடுவாரா?

டீச்சரோ படிப்பு, பிறந்த ஊர், வீட்டில் பேசுவது தமிழா கன்னடமா என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது வனத்துறை ஜீப் வந்து நின்றது. வாட்சர் வீரமணி இறங்கினான்.

"ஒத்த ஆனை உங்க கரும்புக்குள்ள பூந்திருச்சுங்க. ரோட்டுப் பக்கமிருந்து வெடி போட்டுக் காட்டுக்கு ஓட்டப்போறோம். உள்ளாற யாரும் இல்லீங்களே?"

மாதம்மாள் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஐஸ்வர்யா இருப்பது காட்டோரக் கடைசி வரப்பில். வெடி போட்டால் யானை நேரே அவள்மேல்தான் போகும். சொல்லிவிட்டாலோ, மகன் கதை முடிந்தது. ஊரையே வாயால் ஓட்டிய பாவி மகளுக்கு இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

"யாரும் இல்லீங்க," என்றார் அவள் கணவர் பச்சியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டே.

வீரமணி தீப்பெட்டியை எடுத்தான். மாதம்மாள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"வெடிய போடாத சாமி. எம் மருமவ உள்ளாற இருக்கா. காட்டோரத்துல."

ஜீப் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மாதம்மாளும் ஏறிக்கொண்டாள். உள்ளே கரும்பு மடமடவென்று முறியும் சத்தம். குரல் கொடுக்கக் கூடாது என்றான் வீரமணி. அவள் குனிந்தபடி வரப்போரமாகவே போனாள். தோகைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

வாசலில் டீச்சர் எழுந்து நின்றிருந்தார். ஐஸ்வர்யாவைக் கண்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது. பிறகு போனைத் திறந்தார்.

"வயசு என்னன்னு போடட்டுங்கம்மா?"

பத்தொன்பது என்று சொல்லி ஊருக்கே பழக்கம். மாதம்மாள் வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள்.

"பதினாறுங்க டீச்சர். நான் பரீட்சை எழுதணும்."

மாதம்மாளுக்குப் பகீரென்றது. பிடித்திருந்த கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளியிருக்கலாம். ஆனால் அந்தக் கையில் கரும்புத் தோகை கிழித்த கீறல்களில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அவ சொன்னதயே போட்டுக்கங்க," என்றாள். அருண்குமாரை நினைத்து அழுகை பொத்துக்கொண்டு வந்தது.