கல்யாணக் கசெட்டின் கடைசி இருபது நிமிடம்

நேற்று பேஸ்மென்ற் துப்புரவாக்கும்போது மகள் ஒரு பழைய வீடியோ கசெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, இது கார்பேஜா?"

லேபிளில் என் கையெழுத்து. "கல்யாணம் + தொப்பிக் கடை."

எறியாதே என்று வாங்கி வைத்தேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் குடியேறிய நகரத்தில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பிளாசாவில் எனக்குக் கடை. முன்பக்கம் அரிசி, மா, மரக்கறி. பின்பக்கம் படக் கசெட் வாடகை. (ஒரே கூரைக்குக் கீழே கத்தரிக்காயும் காதலும்.) கல்யாண வீடியோவும் கொப்பி அடித்துக் கொடுப்பேன்.

பக்கத்துக் கடை வோல்டருடையது. ரீவி திருத்துகிற வெள்ளைக்கார மனிதர், எண்பது தாண்டியவர். கடையை மூடும்போது கசெட் பதிகிற இரண்டு டெக்கும் ஒரு பெட்டி பாவித்த கசெட்டும் எனக்கு மலிவாய்த் தந்தார்.

கசெட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அழியக்கூடாத கசெட் என்றால் அதை ஒடித்து விடுவார்கள். பிறகு அதில் எதுவும் பதியாது.

நாங்கள் விடுவோமா? ஒடித்த ஓட்டைக்கு மேலே ஒட்டு டேப் ஒட்டினால் பதியும். எனக்குத் தெரிந்த கடைக்காரர் எல்லாரும் செய்த வேலைதான்.

அந்தக் கிழமை ஒரு கல்யாண வீடியோவுக்கு ஆறு கொப்பி கேட்டார்கள். ஐந்து புதுக் கசெட்டில் அடித்தேன். ஆறாவது, வோல்டரின் பெட்டியிலிருந்து எடுத்து டேப் ஒட்டிய ஒன்று. அது பெண்ணின் பெரியம்மா, மில்லிக்கனில் இருக்கிற சரசு அன்ரிக்குப் போனது. அவ கவனிக்கமாட்டா என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அன்ரியின் போன்.

"தம்பி, சாப்பாட்டுப் பந்தி முடிய ஒரு வெள்ளைக்காரப் பெடியன் மழைக்குள்ள நிக்கிறான். உவன் மாப்பிளை பகுதியோ?"

"இல்லை அன்ரி, அது பழைய படம். கல்யாணம் அம்பது நிமிஷம்தானே, மிச்சத்தில கிடந்திருக்கு. போனஸ் எண்டு நினையுங்கோ. வேணுமெண்டா புதுக் கொப்பி தாறன்."

"பொறு, முழுக்கப் பாத்திட்டுச் சொல்லுறன்."

பிறகு பேச்சே இல்லை. தப்பினேன் என்று இருந்தேன்.

அடுத்த கிழமை வோல்டர் வந்தார்.

"அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கசெட் மாறி வந்திட்டுது. அது விக்கிறதுக்கில்லை. நானே ஒடிச்சு வைச்சது."

என்ன படம் என்று கேட்டேன். படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் ஹொலிவூட்டில் எடுத்த ஒரு காதல் பகிடிப் படம். பேர் தெரியாத கொம்பனி, கையில் காசில்லாமல் பத்து நாளில் எடுத்து முடித்ததாம். படத்தில் வருகிற மூன்று வீட்டிலும் ஒரே சோஃபா. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். எப்போதோ ஒரு மத்தியானம் ரீவியில் போட்டபோது பதிந்து வைத்திருக்கிறார். பிறகு அது எங்கேயும் வரவில்லை.

"அவ்வளவு நல்ல படமோ?"

"குப்பைப் படம். என்ரை மனிசி அதில ஒரு வசனம் கதைக்கிறா. போட்டோ வீடு நிறையக் கிடக்கு. குரல் அது ஒண்டுதான்."

மனைவி இறந்து ஆறு வருடம்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படி ஒரு கசெட் வரவில்லை என்றால் விஷயம் முடிந்தது. ஆனால் கவுண்டரில் ஒட்டு டேப் உருளை கிடந்தது. அவர் பார்த்துவிட்டார். ரீவி திருத்துகிறவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

"எவ்வளவு அழிஞ்சது?"

"முதல் அம்பது நிமிஷம். மனிசி எங்க வாறா?"

"கடைசிப் பக்கம். தொப்பிக் கடையில வேலை செய்யிறவ. எத்தினையாவது நிமிஷம் எண்டு தெரியாது."

அவர் நிற்கும்போதே அன்ரிக்குப் போன் அடித்தேன்.

"அன்ரி, அந்தப் படத்தில தொப்பிக் கடை வருதோ?"

"வருது. அளவு நாடாவைக் கழுத்தில போட்டுக்கொண்டு ஒருத்தி நிப்பாள். வடிவுதான், மூக்குத்தான் கொஞ்சம் நீளம்."

(மூக்கை நான் மொழிபெயர்க்கவில்லை.)

"அவ ஏதும் கதைக்கிறாவோ?"

"ஓம். கதாநாயகி அந்தப் பெடியனைத் தேடி ஓடி வர, 'ஹி லெஃப்ற் பை த பாக் டோர், மிஸ்' எண்டுறாள். என்ன சொல்லுறாள் எண்டு தெரியாது. ஆனா அந்த இழுவை நல்லாயிருக்கு."

பின்கதவால் போய்விட்டார், அவ்வளவுதான் வசனம். ரிசீவரை வோல்டரின் காதில் வைத்துவிட்டு, "ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

தன் மகள் வீட்டார் வேலைக்குப் போனால் அன்ரி பகல் முழுக்கத் தனி. அந்த இருபது நிமிடத்தைத் தினமும் பார்த்திருக்கிறா.

வோல்டர் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"மிஸ் எண்டதை அப்பிடித்தான் இழுப்பா" என்றார்.

வோல்டரின் கதையைச் சொல்லி, கசெட்டை எடுக்க வருகிறேன் என்று அன்ரியிடம் சொன்னேன்.

"தரமாட்டன். உவன் ஏன் மழைக்குள்ள நிக்கிறான் எண்டு முதல்ல அந்த மனிசனை வந்து சொல்லச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வோல்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு மில்லிக்கன் போனேன். அழிந்த ஐம்பது நிமிடத்தையும் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன். பெடியன் பணக்காரன். டிரைவர் என்று பொய் சொல்லிப் பழகியிருக்கிறான். பிடிபட்டதும் பெட்டை வெளியே துரத்திவிட்டாள்.

"பொய் சொன்னவன் நனையட்டும்" என்றா அன்ரி, என்னைப் பார்த்து.

கசெட்டைப் போட்டோம். கல்யாணத்தை வேகமாக ஓட்டிவிடவா என்று கேட்டேன். வோல்டர் வேண்டாம் என்றார். தாலி, பந்தி, எல்லாம் பார்த்தார். பிறகு மழை. பிறகு தொப்பிக் கடை. சுவர் உண்மையாகவே ஆடியது.

வசனம் நாலு செக்கன் இருக்காது. அன்ரி கூடவே சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டா.

மூன்று கொப்பி அடித்தேன், புதுக் கசெட்டில். வோல்டருக்கு ஒன்று, அன்ரிக்கு ஒன்று, மூன்றாவது எனக்கு. அதன் துண்டை நானே ஒடித்தேன்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் கல்யாணக் கசெட் கிடந்தால், பந்தியோடு நிற்பாட்டாமல் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். என் கடையில் அடித்தது என்றால், கட்டாயம் பாருங்கள்.