ஆணியில் கட்டிய செபமாலை

என் கணவரின் வலது காலை எடுத்துக்கொண்ட ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும்போதே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். நம் கோவிலின் பங்கு மலருக்கு அந்த அற்புதம், 'செபமாலைப் புதுமை' பற்றி எழுதித் தாருங்கள் டீச்சர் என்று கேட்டீர்கள். நடந்தது இதுதான். இதைத்தான் எழுதுவேன்.

என் பெயர் அருள்மேரி. பங்குப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கணவர் ஜேசுராஜ் சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறவர். மெட்ராஸில் டிராக்டருக்கு என்னடி வேலை என்று மேற்கு மாம்பலத்திலிருந்து என் அக்கா கிண்டல் செய்வாள். வேலைக்கா பஞ்சம்? நொச்சிக்குப்பத்தில் படகை மணலிலிருந்து மேலே இழுக்க வேண்டும். அடையாறிலும் மயிலாப்பூரிலும் விளையாட்டு விழா வந்தால் பள்ளி மைதானங்களைக் கிளறிச் சமன் செய்ய வேண்டும். கலப்பையையும் இரும்பு உருளையையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போவார். வருடத்தில் ஒருநாள் அதே டிரெய்லர் தேராகும். செப்டம்பர் மாதம் மாதா திருநாளன்று சொரூபத்தை அதில் வைத்து, என் வகுப்புப் பிள்ளைகளைச் சம்மனசு வேடத்தில் சுற்றி நிற்க வைப்போம். இறக்கை ஒட்டுவது என் பொறுப்பு, இழுப்பது அவர் பொறுப்பு.

டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு தடித்த இரும்பு ஆணி. மேலிருந்து கொக்கியில் இறக்குவார்கள். அந்த ஆணி குலுங்கி எகிறி வெளியே வந்துவிடாமல் இருக்க, அதன் அடிமுனையில் ஒரு துளை உண்டு. துளையில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். விரல் நீளம்தான் இருக்கும் அந்தக் கிளிப். ஆணியே போனாலும் வண்டி ஓடிவிடாமல் இருக்க ஒரு சங்கிலியும் போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் எனக்கும் டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன வருடம் கோடையில் படகு இழுக்கும்போது அந்தக் கிளிப் மணலில் விழுந்து தொலைந்தது. சங்கிலியை அதற்கு முன்பே யாரோ படகு கட்ட வாங்கிப் போயிருந்தார்கள். என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் வாங்கி வந்த செபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றி, அந்தத் துளையில் கோத்து, ஆணியோடு சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். நான் கத்தினேன்.

"இன்னா டீச்சர், மாதாவுக்கே பாடம் எடுக்கிறியா? அவங்களே கையில புடிச்சிக்கினு கீறாங்க, அப்பால இன்னா கிளிப்பு?" என்று சிரித்தார்.

அடுத்த நாளே நான் புதுக் கிளிப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை வண்டிச் சாவியோடு சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். "கட்டின செபமாலைய கழட்டக் கூடாது, தோசம்" என்றார். அந்த ஒரு துளையில் கிளிப்பும் செபமாலையும் சேர்ந்து நுழையாது. அதனால் கிளிப் இடுப்பில் தொங்கியது, மாதா ரோட்டில் தொங்கினார்.

அந்தக் கோடையில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. அதுதான் கெடுதல். இவரைப் பார்த்துத் தண்ணீர் வண்டிக்காரர் ஒருவர் தன் ஆணியில் முருகன் கயிறு கட்டினார். இன்னொருவர் தர்காவில் ஓதிய கயிறு கட்டினார். எல்லாச் சாமியும் காவலுக்கு வந்துவிட்டது, கிளிப் மட்டும் வரவில்லை.

கொடியேற்றம் முடிந்து ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கியது. ஒவ்வொரு நாள் பூசையிலும் என் கண் பீடத்தில் இல்லை. டிரெய்லரில் நிற்கப்போகும் என் பிள்ளைகள்தான் கண்ணுக்குள் நின்றார்கள். அட்டை இறக்கையோடு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. அந்த ரோட்டில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கணவரிடம் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், சோறு போடாமல் இருந்து பார்த்தேன். திருவிழாக் குழுத் தலைவர் அந்தோணி அண்ணன், என் கணவருக்கு அண்ணன் முறை, அவரிடமும் போய்ச் சொன்னேன். "உனக்கு விசுவாசம் பத்தாது மேரி" என்று என்னையே திருப்பினார். எனக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் இவர்கள் என் பயத்தைக் காதில் வாங்கியிருப்பார்களோ என்னவோ.

கடைசி நவநாளன்று முழந்தாளிட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, என் வாயால் முடியவில்லை. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றும். எப்படியாவது காப்பாற்றும். எப்படி என்று நான் கேட்க மாட்டேன்."

அவர் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் திருநாள். சாயங்காலம் தேர். காலையில் அடையாறில் ஒரு பள்ளி மைதானத்தில் பாக்கி வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு, கலப்பையும் உருளையும் ஏற்றிய டிரெய்லரோடு அடையாறு பாலத்திலிருந்து இவர் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ கடகடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆணி பாதி எழும்பி நிற்கிறது. சரிவிலேயே வண்டியை நிறுத்தினார். டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு கல்கூட வைக்காமல் இறங்கினார். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் காலை வைத்து நின்று ஆணியைத் தட்ட ஆரம்பித்தார். செபமாலை அறுந்தது. ஆணி எகிறியது. உருளையும் கலப்பையும் சுமந்த டிரெய்லர் முன்னால் வந்து, அவர் காலை டிராக்டரோடு வைத்து நசுக்கியது.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் போனபோது என் கையில் இறக்கைக்கு ஒட்டிய பசை காய்ந்திருந்தது. ஆட்டோக்காரர் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். அதில் நான் வாங்கிக் கொடுத்த கிளிப், கடையில் இருந்த பளபளப்பு குறையாமல் தொங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உள்ளே கொண்டுபோகும்போது இவர் என் கையைப் பிடித்தார். வலியில் எந்த நேரம், எந்த இடம் என்று தெரியாத நிலை.

"டிரெய்லர்ல பசங்க யாராச்சும் ஏறிக்கினு இருந்தாங்களா மேரி?"

"இல்லங்க. யாரும் இல்ல."

"அப்ப சரி" என்றார்.

கதவை மூடினார்கள். நான் சுவரில் சாய்ந்தபடி நன்றி சொன்னேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் புருஷன் காலை அறுக்கும்போது நான் நன்றி சொன்னேன். பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள், தேர் நின்றுவிட்டது, விலை கொடுத்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது அந்தோணி அண்ணன் போன் செய்தார்.

"மேரி, நீ ஒண்ணியும் கவலப்படாத. தேர் நிக்காது. டிரெய்லர இஸ்துக்கினு வந்துட்டோம். தண்ணி வண்டி டிராக்டர்ல மாட்டியாச்சு. ஜேசு உசுரக் காப்பாத்தின செபமாலை கீது பாரு, அத முடிச்சுப் போட்டு அதே ஆணில கட்டிட்டோம். சனம் தொட்டுக் கும்புடுது. பசங்களும் ஏறிட்டாங்க."

ஒரு காலை வாங்கியும் இவர்களுக்குப் புத்தி வரவில்லையே ஆண்டவரே என்று கேட்டேன். இன்னும் எத்தனை கால் வேண்டும்?

உள்ளே கணவர். கண் விழிக்கும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும். பெண்டாட்டி என்றால் இருக்க வேண்டும். என்னைப்போலவே வெளியே காத்திருந்த ஒரு அம்மா, பார்த்துக்கொள்கிறேன் போ என்றார். நான் போனேன். இதற்காக என் மாமியார் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

திருநாள் நெரிசலில் ஆட்டோ நகரவில்லை. பாதியில் இறங்கி ஓடினேன். கோவில் வாசலில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். விளக்குச் சரத்துக்கு நடுவில் மாதா, சுற்றிலும் என் பிள்ளைகள். ஜெனி என்னைப் பார்த்து, "மிஸ், என் இறக்கை கழண்டுடுச்சு" என்று கத்தினாள். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். என்னால் யாரிடமும் பேச முடியவில்லை, மூச்சு வாங்கியது. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நுழைந்து, அந்தக் கொக்கியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப ஓட்டு" என்றேன்.

பேண்டு நின்றது. அந்தோணி அண்ணன் ஓடிவந்தார். "இன்னா மேரி இது, எழுந்திரு! மாதா நாளு இன்னிக்கு!"

"நேத்து உங்க தம்பிக்கு ரெண்டு கால் இருந்துச்சுண்ணா. இன்னிக்கு ஒண்ணு. இங்க நிக்கிற பிள்ளைங்க கால எண்ணிப் பாத்துட்டு அப்புறம் என்னை எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"பைத்தியம் புடிச்சுக்கிச்சு" என்றது ஒரு குரல். "பெத்தவளா இருந்தா இன்னேரம் ஆஸ்பத்திரில அழுதுக்கினு இருப்பா" என்றது இன்னொரு குரல். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் வரும்.

குனிந்து செபமாலையைப் பிடித்தேன். மணிகளில் ரத்தம் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. இழுத்தேன். என் கணவர் நடந்தே போய் வாங்கி வந்த மாலை, ஏற்கெனவே ஒருமுறை அறுந்தது. மறுபடியும் அறுந்து மணிகள் ரோட்டில் ஓடின. கூட்டம் 'ஐயோ' என்றது. சில பேர் என்னைச் சபித்தார்கள், சிலர் மண்டியிட்டு மணி பொறுக்கினார்கள். நான் சாவிக்கொத்திலிருந்து கிளிப்பைக் கழற்றி, ஆணித் துளையில் மாட்டினேன். விரலில் காய்ந்த பசை ஒட்டியிருந்ததால் இரண்டு முறை தவறியது.

பங்கு ஃபாதர் வந்து நின்றார். அந்தோணி அண்ணனைப் பார்த்து, "படகுச் சங்கிலி ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றார். சங்கிலி வரும்வரை தேர் நகரவில்லை. வந்து, சுற்றி, பூட்டிய பிறகுதான் நான் எழுந்தேன்.

தேர் புறப்பட்டது. எல்லாரும் மாதாவைப் பார்த்து நடந்தார்கள். நான் செருப்பில்லாமல் பக்கத்திலேயே நடந்தேன், ஆணியை மட்டும் பார்த்துக்கொண்டு. முதல் வேகத்தடையில் டிராக்டர் ஏறி இறங்கியது. டிரெய்லர் ஏறியபோது ஆணி ஒரு துள்ளு துள்ளி எழும்பியது. 'டக்' என்று கிளிப்பில் முட்டியது. திரும்ப உட்கார்ந்தது. பேண்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் நடுரோட்டில் நான் அழுத அழுகையைக் கணவருக்கான அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. என் செபம் கேட்கப்பட்ட சத்தம் அது.

தேர் நிலைக்கு வந்து பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். இவர் விழித்திருந்தார். தனியாகவே விழித்து, போர்வைக்கு அடியில் தனியாகவே தடவிப் பார்த்திருக்கிறார்.

"எங்க போன?"

சொன்னேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், நவநாளில் வேண்டிக்கொண்டது உட்பட.

"கிளிப்பு போட்டியா?"

"போட்டேன்."

"மாலை?"

"அறுத்துட்டேங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போன காலுக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மாலைக்காக அழுதார். நாங்கள் பழையபடி பேசிக்கொள்ளக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. இல்லாத கால் அரிக்கிறது என்பார். நானும் இல்லாத இடத்தில் சொறிந்துவிடுவேன். அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துதான் பேச்சு தொடங்கியது.

இதற்குள் நீங்கள் 'செபமாலை ஜேசுவின் உயிரைக் காப்பாற்றியது' என்று கதை கட்டிவிட்டீர்கள். பொறுக்கிய மணிகளை வீட்டில் வைத்து விளக்கேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள். மாதா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை ஆணிக்குக் காவல் வைத்ததில்தான் கோபம். செபமாலை கையில் உருட்டத்தான், இரும்பைத் தாங்க இல்லை.

இப்போது எங்கள் டிராக்டரைத் தண்ணீர் வண்டிக்காரர் ஓட்டுகிறார். இந்த வருடம் வண்டிகளை மந்திரிக்கும் நாளில் என் கணவர் கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்து அனுப்பாத எந்த வண்டிக்கும் ஃபாதர் தீர்த்தம் தெளிக்கவில்லை. கிளிப், சங்கிலி, பின்னால் சிவப்பு விளக்கு. பதினைந்து வருடமாக ஓட்டுகிறேன் என்று அலட்டிய ஒருவரின் ஆணியை ஊன்றுகோலால் தட்டி, "மாதா மேலேர்ந்து பாத்துக்குவாங்க நைனா. கீழ நீ குனிஞ்சு பாரு" என்றார். அந்த ஆள் குனிந்தார். ஆணியில் மஞ்சள் கயிறு. என் கணவர் தன் வேட்டியைத் தூக்கி, இல்லாத காலைக் காட்டினார். அந்த ஆள் கடைக்குப் போய்க் கிளிப் வாங்கி வந்தார்.

அன்பானவர்களே, ஆண்டவர் செபத்தைக் கேட்கிறார். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நான் யாருக்காகக் கேட்டேனோ அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள், இன்று காலைகூட ஓடிப்பிடித்து விளையாடினார்கள். அவருக்குக் கோடி நன்றி. நீங்களும் நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கிடைக்கும்.

ஆனால் முதலில் கிளிப்பைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். கேட்கும்போது 'எப்படியாவது' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.