தங்கைக்கு வைத்த பெயர்

பல்செட் செய்யும் பட்டறையில் அவளை எல்லோரும் முன்பல் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சிறியவர்கள் கூடவே ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசைப்படுத்துவது அங்கே வேலை. கடைவாய்ப் பற்களை யார் வேண்டுமானாலும் வைத்துவிடலாம், அவை மென்றால் போதும். முன்பல் ஆறும் அப்படியில்லை, அவை சிரிக்கவும் வேண்டும். ஆளையே பார்க்காமல், ஒரு தாடையின் அச்சையும் சீட்டில் எழுதியிருக்கும் வயதையும் வைத்துக்கொண்டு அந்த ஆள் எப்படிச் சிரிப்பார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினான்கு வருடமாக ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துவந்தாள்.

பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்ததும் அந்த மேசையில்தான். ஒரு டாக்டர் ஒரே பல்செட்டை மூன்று தடவை திருப்பி அனுப்பினார், இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று. மூன்றாவது தடவை அவளே போனை எடுத்தாள்.

"சார், அந்தம்மாவுக்கு எழுபத்திரெண்டு வயசு. நீங்க கேக்கற வெள்ளையைப் போட்டா ரூமுக்குள்ள முதல்ல பல்லு வரும், அப்புறம்தான் அவங்க வருவாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். பல்செட் அவள் வைத்த நிறத்திலேயே போனது. "இவ சொல்லிட்டா முடிஞ்சுது, பிளாஸ்டர் காஞ்ச மாதிரி" என்பார் முதலாளி. அது பாராட்டா குறையா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அப்படிப்பட்டவள் முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பெண்ணைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயர் இன்னது என்று சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அவள் சொன்னது அவளுடைய சொந்தப் பெயர்தான், கடைசியில் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. முன்பாதி அச்சு அசல் அப்படியே.

நாத்தனாருக்கு அது பொறுக்கவே இல்லை. அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாக வருகைப் பதிவேடு எழுதுகிறவர். குழந்தை பிறப்பதற்கு முன்பே பன்னிரண்டு பெயர்களை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத முடியுமா, வாய் நிறையக் கூப்பிட வருமா என்றெல்லாம் பார்த்துப் பொறுக்கியவை. குழந்தையின் துணிகளைத் துவைத்துப் பிழிந்து வராந்தாக் கொடியில் போட்டபடியே சண்டையையும் போட்டார்.

"ஏம்மா, கண்ணாடியில பாத்தது போதாதா? பெத்த பொண்ணுலயும் உன்னையே பாக்கணுமா?"

"அப்படி இல்ல அண்ணி."

"பின்ன எப்படி? ராஜாக்கள்தான் முதலாம் இவரு, ரெண்டாம் இவருன்னு வச்சுக்குவாங்க. நாம ரெண்டு ரூம் வீட்டுல இருக்கோம்."

"இருக்கட்டுமே."

"என்ன இருக்கட்டும்? நாளைக்கு ஸ்கூல்ல சேக்கும்போது அம்மா பேர் எது, பிள்ளை பேர் எதுன்னு என் மாதிரி ஒருத்திதான் மண்டையை உடைச்சுக்கணும். நல்லதா பன்னெண்டு பேர் எழுதியிருக்கேன். ஒண்ணு கூடவா பிடிக்கல?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா பேர் இதுதான்."

நாத்தனார் ஈரக் கையோடு தம்பியின் பக்கம் திரும்பினார். தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்குமாகப் போய்வருகிறவன், வீட்டில் மட்டும் எந்த மாடியிலும் நிற்க மாட்டான். "ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பட்டனை அமுக்கினா நான் எங்கே போறது?" என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காரணம் அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சாக இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தது. பெயர் வைக்காத குழந்தைகளுக்கெல்லாம் அங்கே தாயின் பெயர்தான். காலில் கட்டிய பட்டையில் அவளுடைய பெயரை எழுதி, பக்கத்தில் குழந்தை என்று போட்டிருந்தார்கள். நர்சுகளுக்கு ஓயாத வேலை. அந்தக் குழந்தை என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு ஏது நேரம்? அவள் பெயரை மட்டும் சொல்லி, இன்றைக்கு மூன்று மில்லி குடித்தாள் என்பார்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள் என்பார்கள். ஒரு வயதான நர்ஸ் பெட்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சவே செய்தார். குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் போவதற்குள், அந்தப் பெயர் காதில் விழுந்தால் அவளுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் கண்முன் வந்தது. தன் முகம் வரவில்லை.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்ல பேரா வைப்போம்" என்று கணவன் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் நாள் இருவரும் வெறுங்கையோடு வீடு வந்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்திருந்தது.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பேசினால் அவள் உடைந்துபோவாள் என்று பயந்தார்கள். நாத்தனார் வந்திருந்து, வாங்கி வைத்த சின்னத் துணிகளை அவள் கண்ணில் படாமல் எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்தார். கணவன் பேச்சை வேறு பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டான். அவளும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இரண்டாவது பெண்ணை வயிற்றில் சுமந்த நாளிலிருந்தே ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டாள். மூத்தவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு பெயர். இளையவளின் பெயரைக் கேட்டால் அவள் அந்தப் பெயருக்குத் தங்கை என்று தெரிய வேண்டும்.

குழந்தை பிறந்த பதினெட்டாம் நாள் முதலாளி போன் செய்தார். ஒரு பாட்டுக்காரருடைய முன்பல் யார் வைத்தும் சரிவரவில்லை, பாடும்போது விசில் அடிக்கிறதாம், ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று கெஞ்சினார். அவள் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு போனாள். பட்டறையில் எல்லோரும் மெழுகுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"வாய்க்குள்ள இன்னும் ஒண்ணும் இல்ல. நமக்கு இப்போதைக்கு ஆர்டர் கிடையாது" என்றார் முதலாளி. பிறகு பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம தொழில்ல இருந்துக்கிட்டு நீயே இப்படிச் செய்யலாமா? அந்த அண்ணன் தம்பி கதை மறந்துபோச்சா?"

அது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே பெயர், ஒரே வாரத்தில் இரண்டு அச்சும் வந்தன. மேசைக்கு ஒன்றாக வேலையைப் பிரித்துக் கொடுத்ததில் சீட்டு மாறிவிட்டது. அண்ணன் பல்லைத் தம்பியும் தம்பி பல்லை அண்ணனும் மாட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் ஒரு புகாரும் இல்லை. கடைசியில் அண்ணன்தான் வந்தார். "சாப்பிட முடியல. ஆனா பேசினா என் தம்பி பேசற மாதிரியே இருக்கு" என்றார். அன்றைக்கே முதலாளி ஒரு விதி போட்டார்: ஒத்த பெயரில் இரண்டு வந்தால் பிரித்துக் கொடுக்கக் கூடாது, இரண்டையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும்.

"மறக்கல. ஒரே மாதிரி பேர் வந்தா ஒரே கையில குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் அவள். "ரெண்டும் என் கையிலதான் இருக்கு."

அம்மாவையும் பெண்ணையும் சொல்கிறாள் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். அவள் விளக்கவில்லை. விசிலடித்த பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நடுப்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியை அடைத்து வைத்துவிட்டு வீடு திரும்பினாள்.

பெயர் எழுதிக் கொடுக்கப் பிறந்த இருபத்தோராம் நாள்தான் கடைசி. இருபதாம் நாள் சாயங்காலம் நாத்தனார் பதிவு அலுவலகத்துப் படிவத்தோடு வந்தார். எல்லாக் கட்டத்தையும் தானே நிரப்பியிருந்தார். குழந்தையின் பெயர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார், அதுவரை பெருந்தன்மைதான்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். பன்னெண்டுல ஒண்ணைச் சொல்லு."

அவள் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள். பாதியில் நின்றாள். 'முன்பு பிறந்த குழந்தைகள்: இல்லை' என்று அந்த அழகான கையெழுத்தில் இருந்தது.

"அண்ணி, இது தப்பு."

"எது?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். நாத்தனார் குனிந்து பார்த்தார், நிமிரவில்லை. கணவன் செருப்பைக் கழற்றியபடி வாசலில் நின்றுகொண்டிருந்தான். இந்தத் தடவை அவனுக்குச் சொல்ல வேடிக்கை ஒன்றும் வரவில்லை.

"பதினோரு நாள் இருந்தா" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பதினோரு நாளும் எல்லாரும் அவளை என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அவளுக்குக் கிடைச்ச பேர் அது ஒண்ணுதான் அண்ணி. இவ அவளோட தங்கச்சி. அக்கா தங்கச்சிக்கு பேர் ஒத்துப்போற மாதிரி வைக்கறது உலகத்துல இல்லாததா? எனக்கு என் மேல ஒண்ணும் ஆசை இல்ல."

கணவன் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினான், கழுவிய காலையே மறுபடியும் கழுவினான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் நாத்தனார்.

"நீங்க யாரும் கேக்கலையே."

"கேட்டா அழுவேன்னு நெனச்சோம்."

"அழுதிருப்பேன். அழுதா என்ன?"

நாத்தனார் படிவத்தை நான்காக மடித்துக் கிழித்தார். பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் பழக்கம் அது, எந்தப் படிவத்தையும் ஒன்று மட்டும் வாங்க மாட்டார். மேசையில் நேராக வைத்து, பேனாவைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாக எழுதிக்கொண்டே வந்தார். முன்பு பிறந்த குழந்தைகள்: ஒன்று.

"மூத்தவ பேர்?" என்று அவர் கேட்டதும், குழாயடியிலிருந்து கணவன்தான் மனைவியின் பெயரைச் சொன்னான். தண்ணீர்ச் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. நாத்தனார் அதை எழுதினார். இளையவளுக்கு அவள் வைத்த பெயரை யாரையும் கேட்காமல் தானே எழுதினார்.

மறுநாள் காலையில் அவளும் கணவனும் குழந்தையுமாக மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"மூத்த குழந்தை பேர் இருக்கற இடத்துல அம்மா பேரை எழுதியிருக்கீங்க."

"அவ பேரும் அதுதான் சார்" என்றாள் அவள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? இதுல இளைய பொண்ணு பேரும் கிட்டத்தட்ட அதுவேயா இருக்கு. கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. மூத்தது இப்ப எங்க படிக்குது?"

"இல்ல சார்" என்றான் கணவன். "பதினோரு நாள்தான் இருந்தா. எங்க மூத்த பொண்ணு."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். "அப்படின்னா பேர் இடத்துல கோடு போட்டுடலாம். அதுதான் வழக்கம்."

"கோடு வேண்டாம்" என்றாள் அவள். "ஒரு தடவை போட்டது போதும்."

"சிஸ்டம் திருப்பி அனுப்பிடும்மா."

"திருப்பி அனுப்பினா மறுபடி போடுங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். அவள் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கணவன் கண்ணாடித் தடுப்பை விட்டு நகரவில்லை. குமாஸ்தா ஒரு தடவை தட்டினார், திரை சிவப்பாக எதையோ காட்டியது. உள்ளே போய் ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தார். அதிகாரி திரையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். எங்கேயோ ஒரு இடத்தை அழுத்திக் காட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

குமாஸ்தா மறுபடியும் தட்டச்சு செய்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஏத்துக்கிச்சு" என்றார். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, அச்சாகிக்கொண்டிருந்த தாளுக்காகக் கண்ணாடிக்கு அடியில் கையை நீட்டினாள்.