கலயத்துக்குள் பெட்டை

எனக்குப் பறவை வளர்க்கும் ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூண்டில் எதையாவது அடைத்து வைத்து அழகு பார்ப்பது வேலையில்லாதவர்கள் செய்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க நானே வேலையில்லாதவளாகக் கிடந்தேன். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில், கால்மாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில், தலை தாழ்வாகவும் பாதம் மேடாகவும் படுத்திருக்க வேண்டும். குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தேவைக்கு மேல் ஓரடி நடக்கக் கூடாது. வயிற்றில் இருந்தது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை.

முதலாவது வயிறு தெரியும் முன்பே போயிற்று. இரண்டாவது, பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழியில் ரயிலிலேயே நோவு கண்டு, திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை சயான் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா ரயில் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வளைகாப்பு போட அம்மாவும் வர முடியவில்லை. கை நிறைய வளையல் இல்லாமல், சத்தமில்லாமல், ஒரு பிள்ளையை ஒளித்து வைத்திருப்பவள் மாதிரி நான் படுத்துக் கிடந்தேன்.

என் கணவர் எனக்கு அத்தை மகன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். குர்லாப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் வேலை. நல்ல மனிதர், ஆனால் பேசத் தெரியாது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் தொண்டையைக் கனைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஃபர்ட் மார்க்கெட்டிலிருந்து கூண்டும் கையுமாக வந்து நின்றார். உள்ளே ஒரு பச்சை, ஒரு நீலம். லவ் பேர்ட்ஸ் என்றார். நீலம் சேவல், பச்சை பெட்டை.

“எதுக்கு அத்தான் இந்தச் சனியன்?”

“சும்மாதானளா கெடக்க. பாத்துக்கிட்டுக் கெட.”

கூண்டைக் கட்டிலுக்கு நேரே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். கூண்டுக்குள் ஒரு மண்கலயம். பக்கவாட்டில் பறவை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கலயத்தின் வாய்க்கு ஒரு சிரட்டை மூடி. அதற்குள்தான் முட்டை வைக்குமாம். பறவை விற்றவன் ஓர் எச்சரிக்கையும் சொல்லி அனுப்பியிருந்தான். அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது, பெட்டைக்குக் கோபம் வந்தால் தன் குஞ்சைத் தானே கொத்திக் கொன்றுவிடும் என்றானாம். அத்தான் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். இரண்டைப் பறிகொடுத்தவளிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்கிற விவஸ்தை ஆண்களுக்கு என்றைக்கு இருந்திருக்கிறது!

எனக்குச் சோறு பொங்கிப் போட்டு, துணி அலசிக் கொடுத்து, ‘நல்’ என்கிற பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தது எதிர் அறை மதினிதான். உறவு கிடையாது, ஊர்ப்பக்கத்துக்காரி, தாராவியில் கிடைத்த மதினி. எங்கள் வரிசையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். பிறகு தூபக்காலில் கங்கு அள்ளிப்போட்டு, சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் பிள்ளையின் தலை ஈரத்தை உலர்த்துவாள். அவள் கைபட்ட பிள்ளைக்குச் சளி கட்டாது என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அவளுக்குக் கூண்டைக் கண்ணிலேயே காட்டக் கூடாது.

“வாயும் வயிறுமா இருக்கவ தலைக்கு மேல அடைபட்ட உசிரத் தொங்க விடலாமாட்டி? ஒம் மாப்பிள்ளைக்குப் புத்தி மழுங்கிப் போச்சா?”

“ரெண்டும் நல்லாத் திங்குது மதினி. என்னைய விட சொகமா இருக்கு” என்று அன்றைக்குச் சிரித்தேன்.

பெட்டை கலயத்துக்குள் போனது. போனதுதான், தினை கொத்த மட்டும் வெளியே வரும். உடனே உள்ளே ஓடிவிடும். ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்க்கும். அசையாமல், கண் சிமிட்டாமல். பகலெல்லாம் அறையில் நானும் அதுவும்தான். அது என்னைப் பார்க்கிறதா, என் வயிற்றைப் பார்க்கிறதா என்று எனக்கு யோசனை ஓடும். தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்துவிட்டால் வேறு சத்தமே கேட்காது. அப்போது அந்தத் தலை மட்டும் நீட்டியபடி இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. முகத்தைச் சேலையால் மூடிக்கொள்வேன்.

முதல் குஞ்சு பொரிந்ததை மழை விட்ட ஒரு மத்தியானத்தில் காதால்தான் தெரிந்துகொண்டேன். கலயத்துக்குள்ளிருந்து மெல்லிய கிச்சுக் கிச்சு. அத்தான் வேலையிலிருந்து வந்ததும், பெட்டை தினைக்கு இறங்கிய நேரம் பார்த்து மூடியைத் திறக்கச் சொன்னேன். “தோலு மட்டுந்தாம்ளா இருக்கு, பல்லிக்குட்டி மாரி” என்றார். ஒரே நாளில் எல்லாம் பொரிவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒன்று பொரிந்து, இடையில் ஒருநாள் விட்டு அடுத்தது. மூத்ததற்குக் கண் திறக்கும் நேரத்தில் கடைக்குட்டி அப்போதுதான் முட்டையிலிருந்து வந்திருந்தது. பெரிதுகள் மிதித்து மிதித்து அது அடியில் கிடந்தது. ஊட்டும்போதும் பெரிய வாய்க்குத்தான் முதலில் கிடைக்கும் போலிருந்தது.

ஒருநாள் காலை அத்தான் அந்தக் கடைக்குட்டியை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். தலையில் ரத்தம் காய்ந்திருந்தது. கொத்திய காயம். உடம்பு முழுக்க அதன் மூச்சுதான் தெரிந்தது, மேலும் கீழுமாக.

“பெட்டதான் கொத்திருக்கும்” என்றார் அத்தான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கூண்டைப் பார்த்து வாயில் வந்தபடி ஏசினேன். கொலைகாரி என்றேன், பேய் என்றேன், பெற்றதைத் தின்கிற மூதேவி என்றேன். ஏசி முடித்து மூச்சு வாங்கிப் படுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. நான் என்ன செய்திருக்கிறேன்? இரண்டு பிள்ளைகளை என் உடம்பு உள்ளே வைத்திருந்து வெளியே தள்ளிவிட்டது. யாரும் அவற்றைத் தொடவில்லை, யாரும் அடிக்கவில்லை. என் உடம்புதான் செய்தது. பெட்டையாவது வெளியே வந்த பிறகு கொத்துகிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு வயிற்றின் மேல் கை வைக்கவே பயமாகிவிட்டது. பிள்ளை உதைத்தால் சந்தோஷம் வராது. உள்ளே எதிலிருந்தோ தப்பிக்கப் பார்க்கிறது என்று தோன்றும்.

மதினியிடம் ஒன்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். “அந்தக் கடைக்குட்டி பொழைச்சா எம் பிள்ளையும் பொழைக்கும் மதினி.”

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் வாயில் விரலால் அடித்தாள். “அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதட்டி. இனி இப்படிச் சொன்ன, பாரு.” சொல்லிவிட்டுக் கூண்டை அண்ணாந்து பார்த்தாள். அவளும் பயந்துவிட்டாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அன்றிலிருந்து அறைக்குள் நுழைந்ததும் அவள் காது என்னிடம் இருக்காது, கலயத்தில்தான் இருக்கும். தினை தீரும் முன்பே போட்டுவிடுவாள். அவளுக்குப் பிடிக்காத கூண்டு அவளுக்குப் பொறுப்பாகிவிட்டது.

கடைக்குட்டி சாகவில்லை. தினமும் அத்தான் எட்டிப் பார்த்து, “கெடக்கு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கண் விழிப்பேன்.

மழை நாள்கணக்கில் விடாமல் அடித்து, வாசல் படி வரைக்கும் தண்ணீர் ஏறிய சமயத்தில் எனக்கு நோவு கண்டது. மாதம் ஆகவில்லை. அத்தானும் பக்கத்து வீட்டு ஆட்களும் என்னைத் தூக்கி, முட்டளவு தண்ணீரில் மெயின் ரோடு வரை கொண்டுபோய் டாக்ஸி பிடித்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள மதினி நின்றாள். வாசலில் நின்று அவள் கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது. “நீ போளா. இதுகள நான் பாத்துக்கிடுதேன்!”

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தாள். உயிரோடு பிறந்தாள். ஒரு முழத்துக்கும் குறைவாக, அழக்கூடத் தெம்பில்லாமல். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்து, பால் கொடு என்று ஜாடை காட்டினாள். நான் பால் இல்லை என்று கையை விரித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். திமிர் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கோ, என் உடம்புக்குப் பக்கத்தில் அவளை வைப்பதே ஆபத்து என்றிருந்தது. இதுவரை உள்ளே இருந்து தப்பித்துவிட்டாள். இனி என் கைபட்டு என்ன ஆகுமோ.

நர்ஸ் கரண்டியால் எதையோ புகட்டிப் பார்த்தாள். அது கடைவாயில் வழிந்தது. இப்படியே போனால் தாங்காது என்று ஹிந்தியில் அவள் யாரிடமோ சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் அத்தான் வந்தார். தனியாக.

“மதினி வரலையா?”

தொண்டையைக் கனைத்தார். வழக்கம்போல் வெளியே போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொய் சொல்ல வராத முகம் அது.

“குஞ்சுக குளிர்ல வெடவெடன்னு ஆடுச்சாம். சாவக் கூடாதுன்னு மதினி...” நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். “தூபக்கால்ல சாம்பிராணி போட்டு, கூண்டுக்கு அடியில வச்சி, பொகை வெளிய போவாம பழைய சேலையப் போட்டு மூடிருக்கா. சின்னப் பிள்ளைக்குக் காட்டுத மாரி. மழைன்னு கதவும் அடச்சிக் கெடந்துருக்கு. சேவல் படபடன்னு அடிச்ச பொறவுதான் சேலைய எடுத்துருக்கா. அது மட்டுந்தான் உசிரோட இருக்கு. மத்ததெல்லாம் பொகையில மூச்சுமுட்டிச் செத்துப்போச்சு.”

மதினி இத்தனை வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்த அதே கைவேலை. எனக்காகச் செய்தது. அவள் மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் எதுவுமே வரவில்லை.

“மதினி வந்து ஒம் மொகத்துல முழிக்க மாட்டேங்கா. அழுதுக்கிட்டே கெடக்கா” என்றார் அத்தான்.

“பெட்டை?” என்றேன். “குஞ்சுகளைக் கொத்திப் போட்டுட்டுச் செத்துச்சா?”

அத்தான் என்னைப் புரியாமல் பார்த்தார். “கொத்தவா? மூடியத் தொறந்தா, ரெண்டு றெக்கையையும் விரிச்சி எல்லாத்து மேலயும் கவுந்து கெடக்கு. ஓட்டை தொறந்துதாம்ளா இருந்துச்சு. சேவல் மாரி வெளிய வந்துருக்கலாம். வரல. கடைக்குட்டி அதுக்கு நெஞ்சுக்கு அடியில இருந்துச்சு.”

நான் ஏசிய ஏச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன். இரண்டு பிள்ளைகள் போனபோதுகூட அப்படி அழுததில்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நர்ஸ் ஓடிவந்தாள். அத்தான் தடுமாறி எழுந்து நின்றார்.

“பிள்ளையை எடுத்துத் தாங்க” என்றேன்.

அவருக்கும் பயம்தான். இரண்டு கையாலும் ஏந்தி என் மடியில் வைத்தார். எடையே இல்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். வாய் தேடியது, தவறியது, மறுபடி தேடியது. பயம் போன பிறகு கொடுக்கலாம் என்று இருந்தால் அவள் இருந்திருக்க மாட்டாள். பயத்தோடேயே பால் கொடுத்தேன்.