டாம் கோக் படகில் ஒப்புக்கொண்ட ஃபால்ட்

1. பாஸ் என்று எழுதியது

இருபது முறை செய்த டெஸ்டில் ஒரே ஒரு முறை லைன் அறுந்தது. மற்றப் பத்தொன்பது முறையும் சுத்தமாக வந்தது. ஷீட்டில் நான் ‘பாஸ்’ என்று எழுதினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சுவிட்ச் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியராக இருந்தேன். வியட்நாமில், ஹனோய்க்குத் தெற்கே ஒரு சிறிய ஊரின் எக்ஸ்சேஞ்சில் எங்கள் சுவிட்சை நிறுவ இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருத்தி நான், ஈரோட்டுக்காரி. இன்னொருவர் என் டீம் லீட் ஞானசேகரம், யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் ‘ஞான்’. எனக்கு ஞானம் அண்ணா.

என்ன டெஸ்ட் என்று சொல்லிவிடுகிறேன். சுவிட்சில் இரண்டு புராசசர்கள் இருக்கும். ஒன்று செத்தால் அந்தக் கணமே மற்றது வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியக்கூடாது. இதற்கு சுவிட்ச்ஓவர் என்று பெயர். வேண்டுமென்றே ஒரு புராசசரை நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஃபோன் கால்கள் நிலைக்கின்றனவா அறுகின்றனவா என்று பார்ப்போம்.

அந்தச் சனிக்கிழமை பதின்மூன்றாவது தடவையில் எல்லா ஃபோன் கால்களும் அறுந்தன. திரும்பச் செய்தேன், வந்தது. மறுபடியும் செய்தேன், வந்தது. அறுந்த நேரத்தை மட்டும் என் சொந்த நோட்டில் இரண்டு மணி பத்து நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். ஷீட்டில் எழுதவில்லை. அண்ணாவிடமும் சொல்லவில்லை.

காரணம் சொன்னால் சின்னதாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை திறப்பு விழாவில் கஸ்டமர் கையெழுத்துப் போட்டால் செவ்வாய் ஃபிளைட். வியாழக்கிழமை என் மகளுக்கு கிண்டர்கார்ட்டனில் முதல் நாள். ஃபோனில் நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அன்றைக்கும் அப்படித்தான். “அம்மா, யூ ப்ராமிஸ்ட்” என்றாள். திரும்ப வராத ஒரு ஃபால்ட்டைத் தேட ஒரு வாரம் ஆகும், ஒரு மாதமும் ஆகும். இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2. ஓட்டையைக் காட்டிய ஹோவா

எக்ஸ்சேஞ்சின் தலைமை இன்ஜினியர் லான் என்ற பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து ஆங்கிலம் பேசுவார். மூன்று வாரமாக எங்களோடு நின்று ஒவ்வொரு கேபிளையும் தொட்டுப் பார்த்தவர். ஆனால் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்போடு ஓட்டல் வாசலுக்கு வந்து, “எங்கள் மாகாணத்துக்கு வந்துவிட்டு டாம் கோக் பார்க்காமல் போகக்கூடாது” என்றார். வேலை முடிந்ததற்கு அவர் கொடுக்கும் விருந்து அது.

டாம் கோக் என்றால் மூன்று குகை என்று அர்த்தமாம். நெல் வயல்களுக்கு நடுவே ஓர் ஆறு. இருபுறமும் வயலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். அந்த ஆறு மூன்று இடத்தில் குன்றின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது. படகுத்துறையில் நல்ல கூட்டம். பிரெஞ்சுக்காரர்கள், ஜப்பான்காரர்கள், தொப்பி விற்பவர்கள், போட்டோ எடுத்து உடனே கழுவித் தருகிறேன் என்று கையைப் பிடிக்கிறவர்கள். துடுப்புப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அவர்களில் சிலர் படகில் சாய்ந்து உட்கார்ந்து காலால் துடுப்பு வலிப்பதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. கை இரண்டும் சும்மா இருந்தன. ஒருத்தி அந்தக் கையால் பூவேலை செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் படகுக்காரியின் பெயர் ஹோவா. உருண்டை முகம், கூம்புத் தொப்பி. நாங்கள் ஏறப்போனபோது கையை நீட்டித் தடுத்து, படகின் அடிப்பலகையில் ஓர் இடத்தைக் குதிகாலால் தட்டிக் காட்டி, கடகடவென்று ஏதோ சொன்னாள்.

லான் மொழிபெயர்த்தார். “இந்த இடத்தில் சின்ன ஓட்டை இருக்கிறதாம். தார் வைத்து அடைத்திருக்கிறாளாம். ஆனாலும் தண்ணீர் கசியும். பைகளை அந்தப் பக்கம் வைக்கச் சொல்கிறாள். வேறு படகு வேண்டுமென்றால் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டாளாம்.”

ஞானம் அண்ணா கரையிலேயே நின்றார். ஆள் எப்போதும் கலகலப்பானவர். ஃபிலிம் ரோல் டப்பாவில் மிளகாய்த்தூள் கொண்டுவந்து சூப்பில் போட்டு, அதை ஓட்டல் சமையல்காரருக்கும் ருசி காட்டியவர். அன்றைக்கு முகம் வெளுத்திருந்தது.

“என்னண்ணா, பயமா இருக்குதுங்களா? வேற படகு பாக்கலாமா?” என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. நான் படகெண்டு ஏறிக் கனகாலம். இந்தப் படகிலேயே போவம்” என்றார்.

“ஓட்டைன்னு சொல்றாங்களே?”

“சொல்லிப்போட்டாவெல்லே. அது போதும்.”

ஏறினோம். முன்னால் லான், நடுவில் நாங்கள் இருவர், பின்னால் ஹோவா.

3. முதல் குகைக்கும் இரண்டாவது குகைக்கும் நடுவில்

முதல் குகைக்குள் தலையைக் குனிந்துகொண்டு போனோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. துடுப்புச் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் ஒரே வெளிச்சம், ஒரே பச்சை. ஒரு வாத்துக் கூட்டம் எங்களை முந்திக்கொண்டு போனது. மேலே பாறையில் ஆடுகள் நின்றன. ஹோவா ஒரு டின்னால் கசிந்த தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, காலை மறுபடியும் துடுப்பில் வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பூவேலை செய்த மேசைவிரிப்பு ஒன்றைப் பைக்குள்ளிருந்து பாதி எடுத்துக் காட்டிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போலத் திரும்ப வைத்தாள்.

அண்ணா தானாகவே பேச ஆரம்பித்தார்.

“மன்னாரிலயிருந்து ராமேஸ்வரத்துக்கு வரேக்க நாங்கள் பதினாலு பேர் படகில. என்ர மனுசி, மடியில ஆறு மாசப் பிள்ளை. நடுக்கடலில எஞ்சின் நிண்டிட்டுது. ஒரு பகல் முழுக்க வெயிலுக்க மிதந்தம். கொண்டுவந்த தண்ணி மத்தியானத்தோட முடிஞ்சுது. பிள்ளை அழுது அழுது, பிறகு அழுகிறதையும் விட்டிட்டுது. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது.”

“அய்யோ. அப்புறம் என்னாச்சுங்க?”

“வேறொரு படகு வந்து கட்டி இழுத்துக்கொண்டு போச்சுது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. கரைக்கு வந்தாப் பிறகுதான் படகுக்காரன் சொன்னான், முதல்நாளே அந்த எஞ்சின் ஒருக்கா நிண்டதாம்.”

“தெரிஞ்சும் கூட்டிட்டு வந்தானா? என்ன மனுசனண்ணா அவன்?”

“அவன் கெட்டவன் இல்லைப் பிள்ளை. திருப்பி ஸ்டார்ட் பண்ணேக்க ஸ்டார்ட் ஆகிட்டுதாம். பிறகு பத்துத்தரம் போட்டுப் பாத்தவன், பத்துத்தரமும் ஓடினதாம். இனி நிக்காது எண்டு நினைச்சிருக்கிறான். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ரெண்டு கான் தண்ணி கூடக் கொண்டு வந்திருப்பம். அவ்வளவுதான்.”

அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. என் நோட்டில் இருப்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பத்துத்தரம் போட்டுப் பார்த்தவன் நான்தான்.

“அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்றேன். சொன்னேன். இருபதில் ஒன்று, இரண்டு மணி பத்து நிமிடம், ஷீட்டில் பாஸ். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

“மகளின்ர ஸ்கூல் எண்டுதானே?”

“ஆமாங்க.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம். சரி. லானுக்குச் சொல்லும்.”

“இப்பவா? நாளைக்கு ஆபீசில சொல்லிக்கலாங்களே. பாவம், ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்காங்க.”

“நாளைக்கு அவவின்ர டைரக்டர் மாலையோட நிப்பார். இப்பச் சொல்லும். நான் சொல்ல மாட்டன், நீர்தான் சொல்ல வேணும்.”

எங்கள் குரல் மாறியதைக் கேட்டு லான் திரும்பிப் பார்த்தார். “என்ன சண்டை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹோவாவும் ஒரு கணம் துடுப்பை நிறுத்தினாள்.

லானிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது குகை வந்துவிட்டது. மிச்சத்தை அந்த இருட்டில் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான குகையை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் லான் சொன்னார். “நாளைக்கு மாகாண அதிகாரிகள் வருகிறார்கள். பேனர் கட்டியாகிவிட்டது. உங்கள் ஷீட்டை நம்பித்தான் நான் நாள் குறித்துக் கொடுத்தேன்.”

“மன்னிக்கணும். என் தப்புத்தான்” என்றேன்.

அவர் முகத்தில் கோபம் தெரிந்தது, அது நியாயமான கோபம். பிறகு கேட்டார். “எத்தனை மணிக்கு என்றீர்கள்?”

“இரண்டு பத்துக்கு.”

“சனிக்கிழமை மதியம் கரண்ட் போனது. இரண்டு பத்து வாக்கில்தான் திரும்ப வந்தது. ஞாபகம் இருக்கிறதா?”

எனக்கு ஞாபகம் இல்லை. சுவிட்ச் பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனதையே நான் கவனிக்கவில்லை. லான் கவனித்திருந்தார், ஏனென்றால் பக்கத்தில் அவருடைய அறையில் ஏ.சி. நின்று அவருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது.

“கரண்ட் வந்ததும் ஏ.சி. உதறிக்கொண்டு கிளம்பும். தரையே அதிரும்” என்றார்.

ஞானம் அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது குகையை நாங்கள் பார்க்கவில்லை. லான் ஹோவாவிடம் திரும்பச் சொன்னார். ஹோவாவுக்கு விஷயம் புரியவில்லை, அவசரம் புரிந்தது. காலை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து அவள் வலித்த வேகத்தில், பக்கத்துப் படகில் இருந்த ஜப்பான்காரர்கள் கைதட்டினார்கள். கரையில் இறங்கும்போது அந்த மேசைவிரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

4. ஒரு சுற்று

நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போனோம். ஏ.சி.யை நிறுத்தி, மறுபடியும் போட்டு, அது கிளம்பும் அதே நொடியில் சுவிட்ச்ஓவர் கொடுத்தோம். நான்காவது தடவையில் ஃபோன் கால்கள் அறுந்தன. ஒரு ஃபால்ட் வந்ததற்காக நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு புராசசர்களையும் இணைக்கும் கேபிளின் கனெக்டரில் ஒரு திருகு முழுதாக இறுகவில்லை. ஒரு சுற்று பாக்கி. தரை அதிரும்போது ஒரு கணம் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கனெக்டரை மாட்டியது நான்தான். அதையும் சொன்னேன். அண்ணா, “இண்டைக்கு உமக்கு ஒப்புக்கொள்ளுற நாள் போல” என்றுவிட்டு, லானுக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னார். அப்போதுதான் லான் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆனால் திருகை இறுக்கினால் மட்டும் போதாது. எல்லா ரேக்கிலும் எல்லாக் கனெக்டரையும் திரும்பப் பார்த்து, எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று லான் சொன்னார். விழா ஐந்து நாள் தள்ளிப்போனது. டைரக்டர் அறைக்குள் லான் தனியாகப் போனார். உள்ளே என்ன திட்டு வாங்கினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. ரிச்சர்ட்சனிலிருந்து எங்கள் மேனேஜர் ஃபோனில் கத்தினார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மற்றதை பெண்டிங் லிஸ்டில் போட்டிருக்கலாமே என்றார். ஞானம் அண்ணா நிதானமாக, “ஃபால்ட்டைக் கண்டுபிடித்தது கஸ்டமர். கையெழுத்து எப்போது என்பதையும் அவரே சொல்லட்டும்” என்று ஆங்கிலத்தில் சொல்லி ஃபோனை வைத்தார். என் பெயரை எடுக்கவேயில்லை. அந்த வருட ரிவ்யூவில் அவருக்குத்தான் அடி விழுந்தது என்று பிறகு வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன்.

கிண்டர்கார்ட்டன் முதல் நாளுக்கு நான் போகவில்லை. என் கணவர், “சரி விடு, நான் லீவ் போட்டுக் கூட்டிட்டுப் போறேன். போட்டோ எடுத்து வெக்கிறேன்” என்றார். மகள் இரண்டு நாள் என்னோடு ஃபோனில் பேசவில்லை. அந்தப் போட்டோவில் அவள் முறைத்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு நான் லீட் ஆனபோது, டெஸ்ட் ஷீட்டின் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். ‘பார்த்தேன், காரணம் தெரியவில்லை’ என்பது அதன் தலைப்பு. பாஸா ஃபெயிலா என்று பார்க்கும் முன் அதைத்தான் படிப்பேன். காலியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். டாம் கோக்கில் நான் கற்றுக்கொண்டது நேர்மை என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாத விடை, நான் யாரிடம் மறைத்தேனோ அவரிடம் இருந்தது. நான் மறைத்த வரைக்கும் அவருக்குக் கேள்வி தெரியாது, எனக்கு விடை தெரியாது.

இரண்டாயிரத்தொன்றில் ரிச்சர்ட்சன் பக்கம் வரிசையாக ஆட்குறைப்பு வந்தது. முதலில் ஞானம் அண்ணா போனார், இரண்டு மாதத்தில் நானும் போனேன். மேசையைக் காலி செய்த அன்றைக்குக் கடைசியாக ஈமெயிலைத் திறந்தேன். லானிடமிருந்து நாலு வரி வந்திருந்தது. அந்த வருட மழையில் ஊருக்குள் வெள்ளம் புகுந்ததாம், மூன்று நாள் கரண்ட் இல்லையாம். எக்ஸ்சேஞ்ச் நிற்கவேயில்லையாம். ஜனங்கள் மாடியில் உட்கார்ந்து சொந்தக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்களாம்.

கடைசி வரியில், “மூன்றாவது ரேக்கில் ஃபேன் ஒன்று காலையில் மட்டும் சத்தம் போடுகிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவைக்கிறேன்” என்று எழுதியிருந்தார்.