காது வரும் உயரம்

துவைத்துக் காய்ந்த சோபா உறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள் டேப்பு அக்கா. திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை; பெயர் அப்படி வந்தது. சோபாவில் இரண்டு பேர் உட்காரலாம். உறையின் வலது பாதி நைந்துவிட்டது. இடது பாதி போன மாதம் தைத்தது போல இருந்தது.

இடது பாதி அவள் கணவருடைய இடம். தகரம் வெட்டும் பட்டறையில் வேலை. முன்பெல்லாம் விடுமுறை நாளில் சேர்ந்து படம் பார்ப்பார்கள். யார் திருடன் என்று அவர் பாதியிலேயே சொல்லிவிடுவார், இவள் திட்டுவாள். டிவியில் பேச்சு சரியாகக் கேட்காது. கூட்டி வைத்தால் சண்டைக் காட்சி அலறும். "பட்டறையில வாங்குற இடி போதும்" என்று ஒருநாள் எழுந்து உள்ளறைக்குப் போனவர்தான், அப்புறம் சோபா பக்கம் வரவில்லை. திட்டவும் ஆளில்லாமல் போயிற்று.

அதற்காகத்தான் டிவியோடு இணைத்து ஒலியைச் சீராக்கும் ரிசீவர் வாங்கக் கிளம்பினாள். கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைத் தட்டிக் காட்டினார்.

"ஜன்னலே அதிரும்க்கா!"

"ஜன்னலுக்குத் திரை தைக்கிறவ நான். அதிர்ந்து எனக்கு என்ன ஆகணும்? பேச்சு தெளிவா கேக்கணும், இடி அடங்கணும். அப்படி இருக்கா?"

"ஊரே இடி கேட்டு வருது, நீங்க பேச்சு கேட்டு வர்றீங்க!"

ஓரத்திலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தார். வசனத்தை மட்டும் உயர்த்தலாம், வெடிச் சத்தத்தை அமுக்கலாம். யாரோ கிசுகிசுக்கும் காட்சி ஒன்றைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டாள். "இதான்."

மாட்டிவிட அவரே வீட்டுக்கு வந்தார். உட்காருபவர் காது இருக்குமிடத்தில் சின்ன மைக்கை வைத்தால், ரிசீவர் அந்த இடத்துக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்திக்கொள்ளுமாம். அவள் பக்கம் முடிந்தது.

"அண்ணன் இருந்தா அந்தப் பக்கமும் அளந்துடலாம்."

"வேலைக்குப் போயிருக்கார்" என்றவள், இடது பக்கம் காற்றில் கையை நிறுத்தினாள். "இங்க வைங்க. கொஞ்சம் சாஞ்சுதான் உக்காருவார்."

"டேப்பு அக்கா டேப்பு எடுக்காம அளக்குறாங்களே!"

அவள் சிரிக்கவில்லை. அளந்து முடியும்வரை சுவரோடு ஒட்டி மூச்சை அடக்கி நின்றாள்.

மாலையில் கணவர் வந்தார், குளித்தார், வழக்கம்போல உள்ளறையில் படுத்தார். அவள் ஒரு துப்பறியும் படத்தைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் வாங்கியிருக்க. கட்டில்ல படுத்திருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. எழுந்து வரவே வேணாம் போல."

பாராட்டாகத்தான் சொன்னார்.

"உக்காந்து பாருங்களேன். உங்க காதுக்குன்னே அளந்து வெச்சிருக்கு."

அவர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். "அந்தக் கண்ணாடிக்காரன்தான் செஞ்சிருப்பான்."

"வாயை வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டீங்களா!" என்று திட்டியபடியே சட்டென்று வலது ஓரத்துக்கு இன்னும் நகர்ந்தாள். இடது பக்க உறையைக் கையால் நீவினாள். "சரி, எதை வெச்சு அவன்தான்னு சொல்றீங்க?"

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே அவர் உள்ளே போனார்.